இரண்டுக்கு மூன்று, நான்குக்கு ஆறு

மார்ச் 1, ஞாயிறு

லென்ஸுக்கு,

உன் சீட்டு வந்தது. "லேப்டாப்பில் எழுத்து பொடியாக இருக்கிறது. டிஸ்ப்ளே அளவை 150 சதவீதம் ஆக்கினால் கொஞ்ச நேரத்தில் தானாக 100க்குப் போய்விடுகிறது. ரயில் கேமில் கிளிக்கும் தப்பாக விழுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்." அவ்வளவுதான். நாற்பது நாள் கழித்துப் புருஷனுக்கு எழுதுகிற கடிதம் இது! சர்வீஸ் சென்டருக்குப் புகார் எழுதுகிறவன்கூட மேலே ஒரு வணக்கம் போடுவான். அதிலும் 'எழுதுங்கள்' வேறு. நாலு வருஷமாக வாடா போடா என்றவள் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் சூடு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

ஆறு மாதப் பணி என்று அந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "போன் பண்ணாத. பேசினா பாதியில வெட்டுவ. கடுதாசியில வெட்ட முடியாது." சரி, இதோ எழுதுகிறேன். கை வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் தானாக எதையும் மாற்றாது. நீ 150 என்று தொட்டுவிட்டு, 'இப்படியே இருக்கட்டுமா?' என்று அது கேட்கும்போது பதில் சொல்லாமல் மூடியிருப்பாய். பதினைந்து விநாடி பார்த்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்று. உன் லேப்டாப்பில் ஓடுகிற லினக்ஸில் 100 சுத்தம், 200 சுத்தம். நடுவில் இருக்கிற 125, 150 எல்லாம் இரண்டும் கெட்டான். டெஸ்க்டாப் ஓர் அளவு சொல்லும், கேம் வேறோர் அளவை எடுத்துக்கொள்ளும். சின்னதாக வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். பத்தாத சட்டையை இழுத்து மாட்டினால் கட்டம் கோணுமே, அந்த மாதிரி. மங்கும், திணறும். அதனால் 100லேயே வைத்துக்கொண்டு திரையைக் கிட்டே இழுத்துக்கொள். முடிந்தது.

கிளிக் தப்பாக விழுவது பழைய கதை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி விசாரித்தான். நாமெல்லாம் சேர்ந்து ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை ரயில் ஆட்டத்தில் உன் இடத்தில் சிக்னல் பார்க்க ஆளில்லாமல் என் சரக்கு ரயில் நடுவழியில் நிற்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது.

அவசரம்
(நீ வைத்த பெயர்தான்.)


மார்ச் 4

உங்களுக்கு,

'இருக்கட்டும்' பட்டனை அழுத்தினேன். அழுத்தினேனா என்ற சந்தேகம் எனக்கே வரக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் நேரம் எழுதி டிக் போட்டேன். ஏழு முறை.

நடப்பது இதுதான். 150 வைக்கிறேன். எழுத்து நன்றாகத் தெரிகிறது. கேமைத் திறக்கிறேன். முதலில் தொட்டதெல்லாம் சரியாக விழுகிறது. பிறகு ஏதோ ஒரு நேரத்தில் திரை ஒரே ஒரு தடவை சிமிட்டுகிறது, தூசி விழுந்த கண் மாதிரி. அதற்கப்புறம் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது. கேமை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தால் அளவு 100ல் இருக்கிறது. இதை வீட்டில் இருந்தபோதே இரண்டு முறை சொன்னேன். "லினக்ஸ்ல அப்படித்தான் இருக்கும், அதையும் இதையும் நோண்டாம சும்மா இரு" என்றீர்கள்.

நான் விளையாடுவதற்காகக் கேட்கவில்லை. இங்கே தனியாகப் பயிற்சி ஆட்டம்தான் திறக்கிறேன். தப்பு மெஷினிடமா, என்னிடமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஆடிய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டது நான்காம் தடம். உங்கள் சரக்கு ரயில் போனது ஆறாம் தடத்தில். அங்கே உங்கள் தம்பியின் பயணிகள் ரயில் நின்றுகொண்டிருந்தது. நாலைத்தான் தொட்டேன் என்றேன். நீங்கள் மைக்கில், எல்லோரும் கேட்க என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"கண்ணு தெரியலையா உனக்கு? இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா நாள் பூரா மைக்ரோஸ்கோப் பாக்குற? உங்கிட்ட ரிப்போர்ட் வாங்குறவன் கதி என்ன ஆகும்?"

தம்பி சிரித்தார். உங்கள் ஆபீஸ் நண்பர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். வைத்த பிறகும் அதிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குழாய்க்கு வாஷர் மேல் அலமாரியில், பழைய டார்ச் லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது.


மார்ச் 7

லென்ஸ்,

அது வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன். விளையாட்டில் ஆயிரம் சொல்வோம். தம்பியை நான் சொல்லாததையா உன்னைச் சொன்னேன்? அவன் அடுத்த நிமிஷம் மறந்துவிட்டு அடுத்த ரயிலைக் கிளப்புவான். நீ என்னடா என்றால் ஊர் மாறிப் போய் உட்கார்ந்துகொண்டு நோட்டில் டிக் போடுகிறாய்.

சிமிட்டுவதற்குக் காரணம் கேபிள். லேப்டாப் மூடி மடங்குகிற இடத்தில் லூஸாகியிருக்கும். அதற்கும் கிளிக்குக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துப் பார்க்காதே.

அப்புறம், 'ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது' என்று எழுதுகிறாயே, அது ஒரு தகவலா? எதைத் தொட்டால் எது விழுகிறது? எண் எங்கே? 'உடம்பு ஒரு மாதிரி இருக்கு' என்று ஒருத்தன் சொன்னதை மட்டும் வைத்து உங்கள் டாக்டர் மாத்திரை எழுதுவாரா? ஆறு தடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஐந்து முறை தொடு. விழுவதை எழுது. அனுப்பு. கோளாறு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும். ஒழுங்கு இல்லாவிட்டால் கைதான் காரணம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கண்ணில் சந்தேகம் என்றால் கண் டாக்டரிடம் போ. ரயில் கேமிடம் போய்க் கேட்காதே.

வாஷர் கிடைத்தது. இன்னும் மாட்டவில்லை. வேலையில் ஏதாவது பிரச்சினையா? நேராகச் சொல். உன் கடிதத்தைப் படித்தால் ஏதோ பாதியை விழுங்கிவிட்டு மீதியை எழுதின மாதிரி இருக்கிறது.

அவசரம்


மார்ச் 11

உங்களுக்கு,

கண் டாக்டரிடம் போனேன். "ஏற்கனவே போட்டிருக்கிற கண்ணாடியே உங்களுக்கு அதிகம்" என்றார். கண் சரி. அப்படியென்றால் மீதி இருப்பது கை, அல்லது தலை.

நீங்கள் கேட்ட எண்கள். சிமிட்டுவதற்கு முன் முப்பது தடவை தொட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிமிட்டிய பிறகு முப்பது. இரண்டைத் தொட்டால் மூன்று, ஐந்து முறையும். நான்கைத் தொட்டால் ஆறு, ஐந்து முறையும். ஒன்றும் மூன்றும் ஒரு நிலையில் இல்லை, சில சமயம் பக்கத்தில் எதிலாவது விழுகிறது, சில சமயம் எதிலுமே விழுவதில்லை. ஐந்தையும் ஆறையும் தொட்டால் சுவரைத் தொட்ட மாதிரி, ஒன்றுமே நடக்கவில்லை.

நோட்டைப் பார்த்தால் மெஷின்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அரை மணி நேரம் கண்ணை ஊன்றிப் பார்த்தபிறகு சிமிட்டுவது திரைதானா, நான்தானா என்றும் தோன்றுகிறது. இப்போதெல்லாம் எனக்கு எதையும் அடித்துச் சொல்ல முடிவதில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்ற வாரம் ஒரு குழந்தையின் ரத்த ஸ்லைடு வந்தது. எந்த அணு எத்தனை என்று எண்ண வேண்டும், தினமும் செய்கிற வேலை. எண்ணினேன். எழுதக் கை வரவில்லை. 'கண்ணு தெரியலையா' என்று காதுக்குள் கேட்டது. மறுபடி எண்ணினேன், மறுபடியும். மூன்று முறையும் ஒரே எண். அப்படியும் நம்பாமல் லேப் பொறுப்பாளர் மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கரெக்ட்டாத்தானேம்மா எண்ணியிருக்க? இந்த வாரத்துல நீ கொண்டுவந்து காட்டுறது இது பதினொண்ணாவது. பதினொண்ணும் சரி. உனக்கு என்னம்மா ஆச்சு?"

என்ன ஆச்சு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ரயில் கேமில் தப்பாகத் தொட்டேன், அதனால் பயமாக இருக்கிறது என்றா?

நான் மூன்று முறை பார்ப்பதால் மற்றவர்களுக்கு ரிப்போர்ட் தாமதமாகிறது. 20ஆம் தேதி புதுப் பணிப்பட்டியல் போடுகிறார்கள். மைக்ரோஸ்கோப் வேண்டாம், முன்னால் உட்கார்ந்து சாம்பிள் வாங்கி எண் ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று விண்ணப்பம் எழுதிவிட்டேன். பையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்குமேல் திரும்ப மைக்ரோஸ்கோப் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். வரிசையில் ஆள் நிற்கிறது.


மார்ச் 14, சனி

லென்ஸ்,

எண்கள் கிடைத்தன. மெஷின் கோளாறுதான். உள்ளே ஒரு பழைய கோப்பு கிடந்து தொல்லை கொடுக்கிறது. இதோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். டெர்மினல் என்கிற கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, சீட்டில் இருக்கிற வரியை ஓர் எழுத்து பிசகாமல் தட்டி, என்டர் அழுத்து. கோப்பு அழிந்துவிடும். திறந்து பார்க்கத் தேவையில்லை, உள்ளே ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் 150 அப்படியே நிற்கும்.

விண்ணப்பத்தை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே.

குழாயைச் சரிசெய்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அவசரம்


மார்ச் 16, திங்கள்

லென்ஸ்,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை அனுப்பியதில் ஒரு பொய் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதினேன். இருக்கிறது. அந்தக் கோப்பை எழுதியவன் நான்.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். இரண்டுக்கு மூன்று. நான்குக்கு ஆறு. படிக்கும்போதே வகுத்துவிட்டேன், என் புத்தி அப்படி. ஒன்றரை. அதாவது 150. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு அந்த லேப்டாப் வாங்கினபோது நீ 150 வைத்துக்கொண்டாய். கேம் திணறியது. உன் சிக்னல் தாமதமாக விழ, எங்கள் ரயில் எல்லாம் காத்துக் கிடந்தன. சொன்னால், "எனக்கு எழுத்து தெரிய வேணாமா?" என்பாய். உட்கார்ந்து பேச எனக்குப் பொறுமை இல்லை. பத்து வரியில் ஒரு கோப்பு எழுதி உள்ளே போட்டேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து அளவைப் பார்க்கும். 100 இல்லாவிட்டால் 100 ஆக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். அது நிஜம். ஆனால் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தபிறகுதான் சனிக்கிழமை அந்தச் சீட்டை எழுதினேன். அதுவும் நிஜம்.

நடந்தது இதுதான். நீ 150ல் கேமைத் திறக்கிறாய். கேம் அப்போதே திரையை அளந்து வைத்துக்கொள்கிறது. நடுவில் என் கோப்பு எழுந்து அளவை மாற்றுகிறது. நீ பார்த்த சிமிட்டல் அதுதான். கேபிள் இல்லை, உன் கண்ணும் இல்லை. கேமுக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய கணக்கிலேயே, நீ தொட்ட இடத்தை ஒன்றரை மடங்கு கீழே என்று படிக்கிறது. ஐந்தும் ஆறும் அதன் கணக்கில் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொட்டது நான்குதான். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நீ தொட்டது சரி. சரக்கு ரயிலை ஆறாம் தடத்துக்கு அனுப்பியது நான்.

நேற்று ஆட்டத்தில் அதே மைக்கில், அதே ஆட்களிடம் இதைச் சொன்னேன். தம்பி முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தான். கடைசியில், "அண்ணே, அன்னிக்கு நானும்ல சிரிச்சேன்" என்றான். யாரும் அதற்கப்புறம் ரயில் கிளப்பவில்லை.

உனக்கு நாலு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இதைப் பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டேன். உன்னை வெட்டுவது எனக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் என்னையே வெட்டிக்கொண்டிருப்பேன்.

கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். அதை இங்கே திரும்ப எழுதக் கை வரவில்லை. நீ திறக்காமல் அழித்திருந்தால் என் அதிர்ஷ்டம். திறந்திருந்தால் எனக்கு வேண்டியதுதான்.

20ஆம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று தபால் அலுவலகத்தில் மூன்று முறை கேட்டேன். "சார், நீங்க இப்படி நின்னு கேட்டுட்டே இருந்தா பை இங்கேருந்தே கிளம்பாது" என்றார் அந்த அம்மா. கையெழுத்துப் போடாதே. இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

அவசரம்


மார்ச் 17

உங்களுக்கு,

சனிக்கிழமை கடிதமும் துண்டுச் சீட்டும் இன்று வந்தன.

எங்கள் லேபில் எதையும் குப்பையில் போடுவதற்கு முன் மேலே ஒட்டியிருப்பதைப் படிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. நீங்கள் எழுதிக்கொடுத்த வரியில் கோப்பின் பெயர் இருந்தது. அழிப்பதற்கு முன் அதைத் திறந்தேன். பத்து வரி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கு மேலே ஒரு வரி தமிழில் இருந்தது. அது புரிந்தது.

'லென்ஸ் 150 வைத்தால் திரும்ப 100க்குக் கொண்டு வா. அவளிடம் சொல்ல வேண்டாம், வாதாடுவாள்.'

கீழே தேதி. அதற்கு அடுத்த மாதம்தான் தலைவலி தாங்காமல் நான் முதல்முறை கண்ணாடி போட்டது. நீங்கள்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனீர்கள். டோக்கன் வர நேரமாகிறது என்று அங்கே இருந்த பெண்ணிடம் சண்டை போட்டீர்கள். எனக்காகச் சண்டை போடுகிறார் என்று அன்று சந்தோஷமாக இருந்தது.

கோப்பை நான் அழிக்கவில்லை. சாயங்காலம் நோட்டையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒருமுறை அது எழுந்து, நான் வைத்ததை மாற்றிவிட்டுப் போவதை நான்கு முறை பார்த்தேன். கொஞ்சம்கூட நேரம் தவறவில்லை.

அன்று எழுதியதை, பின்னால் இவ்வளவு ஆகும் என்று தெரியாமல் எழுதியது என்று ஒரு பக்கம் வைத்துவிடலாம். சனிக்கிழமை 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று எழுதியதை எந்தப் பக்கம் வைப்பது?

விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருக்கிறது. கண்ணில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்று காலையில் ஒரு ஸ்லைடை நான்கு முறை எண்ணினேன்.


மார்ச் 19, வியாழன்

அவசரத்துக்கு,

உன் விரைவுத் தபால் மதியம் லேபுக்கே வந்தது. என் 17ஆம் தேதிக் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். அதில் ஒரு வரியையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதை எழுதும்போது, நீ முந்தின நாளே உண்மையை எழுதிப் போட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரியாமலே நீ சொன்னாய். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

'எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நீ தொட்டது சரி.' சாம்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அந்த வரியைப் படித்தேன். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை இருபத்தாறு ஸ்லைடு. முதல் மூன்றை இரண்டு முறை எண்ணினேன். மீதியை ஒரே முறை. மேடம் அவராகவே வந்து நடுவிலிருந்து இரண்டை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் விளக்கைக் கொஞ்சம் நகர்த்திச் சரியாக வைத்தார்.

உன் கோப்பை அழித்துவிட்டேன். இப்போது 150 நிற்கிறது. கேமைத் திறந்து ஆறு தடத்தையும் ஒன்றரை மணி நேரம் தொட்டுப் பார்த்தேன். தொட்டது தொட்ட இடத்தில் விழுகிறது. நீ சொன்ன மாதிரி படம் மங்கலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அது என் கண்ணில் இல்லை என்று தெரிந்தால் போதும், மங்கலைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியும்.

வீட்டுக்கு எப்போது வருவாய் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். கேட்காதே. ஆறு மாதம் முடியட்டும். அதற்கப்புறம் வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? என் மெஷினில், என் வீட்டில், எனக்குத் தெரியாமல் நீ வைத்திருப்பது வேறு ஏதாவது உண்டா என்று யோசித்து எழுது. அவசரமே இல்லை. ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்.

தம்பியிடம் சொல், நானும் அவர் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன்.

கையில் வேறு தாள் இல்லை. இருந்த ஒரு தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார். மேடத்தின் பெயருக்கு, 20ஆம் தேதியிட்டு, அழகாக எழுதியிருப்பேன். கீழே கையெழுத்து இடம் காலியாக இருக்கும். பார்த்துவிட்டு நீயே கிழித்துப் போட்டுவிடு.

லென்ஸ்